ஓட்டியது யார்? போன் போடும் கணக்கு

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் செயலி ஒன்று உங்கள் போனில் இருக்கிறது. நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து 100க்கு மதிப்பெண் போடுவது அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் காரில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மாமல்லபுரம் போகிறீர்கள். ஈசிஆரில் மச்சான் மூன்று இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். மதிப்பெண் யாருக்குக் குறையும்? நிறைய சமயங்களில் உங்களுக்குத்தான்.

இந்தச் செயலிகள் மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை தேடுகின்றன. போன் வண்டியில் போகிறதா? வண்டி எப்படி ஓட்டப்படுகிறது? ஓட்டுவது இந்தப் போனுக்குரியவரா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சரியான விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவதற்குக் கிடைக்கும் விடை, நிறுவனம் எந்த அளவை எல்லையாக வைக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாவதற்குக் கிடைப்பது ஊகம்தான். பல சின்னத் தடயங்களைக் கூட்டிப்பார்த்துச் செய்யும் நல்ல ஊகம், அவ்வளவே. இன்சூரன்ஸ் பிரீமியம் இந்த மூன்றாவது விடையின் மேல்தான் நிற்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனுக்கு முன்னால் டாங்கிள்

அமெரிக்காவில் புரோகிரசிவ் போன்ற இன்சூரன்ஸ் நிறுவனங்கள் போனுக்கு முன்பு கொடுத்தது ஒரு டாங்கிள், அதாவது காரில் செருகிவைக்கும் ஒரு சின்னக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட்டில் அதைச் செருகிவிட்டால் காரின் வேகத்தைக் காரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். துல்லியத்தில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் டாங்கிள் அனுப்ப வேண்டும், திரும்ப வாங்க வேண்டும்; செலவு. போன் ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கிறது.

போனின் பக்கம் இந்தத் துறையைத் திருப்பியவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து போனவர். சென்னை ஐஐடியில் 1993இல் கணினிப் பொறியியல் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன், எம்ஐடியில் சாம் மேடனுடன் சேர்ந்து கார்டெல் என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். அதன் ஒரு பகுதியாக 2008இல் பாஸ்டனில் 7 டாக்சிகளில் அசைவை உணரும் ஆக்சிலரோமீட்டரும் ஜிபிஎஸ்ஸும் பொருத்தி, ரோட்டில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடித்தார்கள். 2010இல் அந்த அனுபவத்திலிருந்து கேம்பிரிட்ஜ் மொபைல் டெலிமேட்டிக்ஸ் நிறுவனம் பிறந்தது. இன்று உலகெங்கும் பல இன்சூரன்ஸ் செயலிகளுக்குள் இருந்து வேலை செய்வது இந்த நிறுவனத்தின் மென்பொருள்தான்.

டாங்கிளிலிருந்து போனுக்கு மாறியபோது பிரச்சினை தலைகீழாக மாறியது. டாங்கிளுக்குக் காரைத் தெரியும், ஓட்டுவது அப்பாவா மகளா என்று தெரியாது. போனுக்கு ஆளைத் தெரியும், அவர் எந்த வண்டியில் எந்த சீட்டில் இருக்கிறார் என்று தெரியாது.

போன் எப்போது விழிக்கிறது

ஜிபிஎஸ்ஸை நாள் முழுக்க ஓடவிட்டால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் செயலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். போனின் இயங்குதளம் வந்து எழுப்பும்வரை காத்திருக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. போன் இப்போது வண்டியில், சைக்கிளில், நடையில், ஓட்டத்தில், அசையாமல் என்று எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகித்து, ஒவ்வொரு ஊகத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு நம்பிக்கை எண்ணோடு செயலிக்குச் சொல்லும். ஐபோனிலும் இதே மாதிரி உண்டு. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸிலிருந்து இதற்கென எம்7 என்ற தனிச் சிப்பே வைத்தார்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் அசைவைக் கவனித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை.

இன்னொரு வழி வேலி போடுவது. கடைசியாக வண்டி நின்ற இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம். போன் அதைத் தாண்டினால் செயலியை எழுப்பு. ஐபோனில், இருக்கும் இடம் ஏறத்தாழ 500 மீட்டர் மாறினால் செயலிக்குத் தகவல் போகும் ஏற்பாடும் உண்டு. வேலி, செல்போன் டவர், அசைவுச் சிப் போன்றவற்றின் தடயங்கள் ஒத்துப்போன பிறகுதான் ஜிபிஎஸ் முழுதாக இயங்கத் தொடங்கும். ஆகவே பயணத்தின் முதல் சில நூறு மீட்டர்கள் பதிவாகாமலே போய்விடும். தெருமுனைக் கடைக்குப் போய்வரும் பயணம் பட்டியலிலேயே இல்லாமல் போவதும் இதனால்தான்.

பயணம் எங்கே முடிகிறது என்பதும் சுலபமான கேள்வி இல்லை. நீண்ட சிக்னல், ரயில்வே கேட், பெட்ரோல் பங்க், டீக்கடை எல்லாமே போனுக்கு 'வண்டி நின்றுவிட்டது' என்ற ஒரே செய்திதான். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு பயணம் இரண்டாக உடையும். கூட்டி வைத்தால், இறங்கி நடந்த தூரமும் பயணத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் அலைபாய்ந்து, சோபாவில் கிடக்கும் போன் தெருவைச் சுற்றி வந்ததாகப் பதிவாகும் பேய்ப் பயணங்களும் உண்டு. அசைவுச் சிப் 'அசையவில்லை' என்று சொல்வதை வைத்து நல்ல செயலிகள் இவற்றைக் கழித்துவிடும்.

நம்மூரில் அதிகம் விற்கும் சில சீன பிராண்டு போன்களில் வேறொரு தொல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைப் போனே மூடிவிடும். பாதிப் பயணங்கள் விடுபட்டு, செயலி சரியில்லை என்று பெயர் கெடும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் ஆட்டோஸ்டார்ட்டை அனுமதித்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைத்து, துல்லியமான இருப்பிடத்தையும் இயக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் பதிவு ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.

எந்தப் பக்கம் முன்பக்கம்?

ஆக்சிலரோமீட்டர் மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கிறது. ஜைரோஸ்கோப் சுழற்சியை அளக்கிறது. இரண்டையும் வினாடிக்கு 50 அல்லது 100 முறை வாசிக்கலாம். ஜிபிஎஸ் பொதுவாக வினாடிக்கு ஒரு முறை. ஆனால் இந்த மூன்று திசைகளும் போனின் திசைகள், காரின் திசைகள் அல்ல. போன் சட்டைப் பையில் தலைகீழாக இருக்கலாம், கப் ஹோல்டரில் சாய்ந்திருக்கலாம்.

முதலில் கீழ் எது என்று பார்க்க வேண்டும். புவியீர்ப்பு 9.8 மீ/வி² என்ற அளவில் எப்போதும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால், அதிர்வுகளை வடிகட்டினால் மிஞ்சுவது அதுதான். அடுத்து முன்பக்கம். நேர் ரோட்டில் ஜிபிஎஸ் வேகம் கூடும்போதோ குறையும்போதோ, கிடைமட்டத்தில் எந்தத் திசையில் முடுக்கம் தெரிகிறதோ அதுவே காரின் முன்பின் கோடு. சில நிமிட ஓட்டத்தில் கணக்கு நிலைபெற்றுவிடும். இடையில் யாராவது போனைக் கையில் எடுத்தால் கணக்கு கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அந்தக் கலைவையே, 'ஓடும் வண்டியில் போனைத் தொட்டார்' என்பதற்கான ஆதாரமாகவும் எடுத்துக்கொள்வார்கள். திரை திறந்திருக்கிறது, போன் திரும்புகிறது, வண்டி ஓடுகிறது. மூன்றும் சேர்ந்தால் கவனச்சிதறல். ஸ்டாண்டில் மாட்டி மேப் பார்த்தால் போன் திரும்புவதில்லை, அதனால் இந்தக் கணக்கில் வராது.

திடீர் பிரேக்குக்கு வருவோம். புரோகிரசிவ் தன் ஸ்னாப்ஷாட் திட்டத்துக்குச் சொன்ன வரையறை, ஒவ்வொரு வினாடியிலும் வேகம் மணிக்கு 7 மைல் குறைவது. நம் கணக்கில் மணிக்கு 11 கி.மீ., முடுக்கமாகச் சொன்னால் சுமார் 3.1 மீ/வி². 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் நாலரை வினாடியில், 31 மீட்டரில் நின்றால் இந்த எல்லையைத் தொட்டுவிடும். காய்ந்த தார் ரோட்டில் பிரேக்கை முழுதாக மிதித்தால் 8 மீ/வி² வரை போகும் என்பதால், இது உயிர் தப்பும் பிரேக் இல்லை, 'கொஞ்சம் அழுத்தமான' பிரேக். அமெரிக்க நெடுஞ்சாலைக்கு நியாயமான எல்லைதான். குறுக்கே ஷேர் ஆட்டோ நிற்கும், நாய் ஓடும், வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு அழிந்துபோயிருக்கும் ஊரில் இதே எல்லையை வைத்தால், அது அளப்பது ஓட்டுபவரின் குணத்தை மட்டும் அல்ல, அவர் தினமும் போகும் ரோட்டையும் சேர்த்துத்தான். ஒரே ஆள், அதே கார், வீட்டை மாற்றினால் மதிப்பெண் மாறும்.

போன் கைதவறிக் கீழே விழுந்தாலும் ஆக்சிலரோமீட்டரில் பெரிய அதிர்ச்சிதான் தெரியும். அதே நொடியில் ஜிபிஎஸ் வேகம் மாறவில்லை என்றால் விழுந்தது போன்தான், வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று தள்ளிவிடலாம். எல்லா நேரமும் இது கைகொடுப்பதில்லை. விபத்தைக் கண்டறியும் வசதியோடு ஐபோன் 14 வந்த 2022இல், ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன்கள் தாமாகவே அவசர உதவியை அழைத்துவிட்டன.

வேக எல்லை மீறலைக் கணக்கிட, போன் எந்த ரோட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலே போகிறதா, கீழே போகிறதா? ஜிபிஎஸ் உயரத்தில் தடுமாறும். மேலும் கீழும் வரைபடத்தில் ஒரே புள்ளி. ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்பும் பின்பும் வந்த புள்ளிகளை வைத்து, எந்த வழியாகப் போயிருந்தால் இத்தனை புள்ளிகளும் பொருந்தும் என்று கணக்கிட்டுத்தான் முடிவுசெய்கிறார்கள். ஆகவே தப்பு வந்தாலும் பெரும்பாலும் ரேம்ப் பிரியும் இடத்தில்தான் வரும்.

எந்த சீட்டில் போன்?

இனி மூன்றாவது கேள்வி. ஆய்வாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிகள் ரசிக்கத்தக்கவை.

ஒலி வழி 2011இல் வந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக, ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் போனை ப்ளூடூத் மூலம் கார் ஸ்டீரியோவோடு இணைத்து, காதுக்கு ஏறக்குறைய எட்டாத உயர் அதிர்வெண்ணில் இடது ஸ்பீக்கரில் ஒரு பீப், வலது ஸ்பீக்கரில் ஒரு பீப் எழுப்பினார்கள். போனின் மைக் இரண்டையும் கேட்கிறது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 1 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி வந்துசேர சுமார் 3 மில்லிவினாடி கூடுதலாகும். மைக் வினாடிக்கு 44,100 முறை பதிவுசெய்வதால் அந்த 3 மில்லிவினாடி 130 பதிவுகளுக்குச் சமம்; தவறவிட வாய்ப்பில்லை. போன் ஓட்டுநரிடமா பயணியிடமா என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. பொறியியலாகப் பார்த்தால் அபாரம். ஆனால் கார் ஸ்டீரியோவோடு போன் இணைந்திருக்க வேண்டும், மைக் திறந்திருக்க வேண்டும். பயணம் முழுக்க மைக்கைத் திறந்துவைக்க எந்த வாடிக்கையாளர் சம்மதிப்பார்?

ஏறும் விதத்தைக் கவனிப்பது இன்னொரு வழி. நம்மூர்க் காரில் ஓட்டுநர் வலது கதவு வழியாக ஏறுவார். காருக்குப் பக்கத்தில் உள்ள இடது கால் முதலில் உள்ளே போகும். பேன்ட் பையில் இருக்கும் போன் அந்தக் காலசைவை முன்னதாகவோ பின்னதாகவோ உணரும். அமெரிக்கக் காரில் இதெல்லாம் கண்ணாடிப் பிம்பமாக மாறும். அங்குள்ள தரவில் பழக்கிய மாடலை (கணிக்கும் மென்பொருளை) இங்கே அப்படியே இறக்கினால் ஓட்டுநரும் முன்சீட் பயணியும் இடம் மாறிவிடுவார்கள். தவிர, வலப்புறப் பின்சீட்டில் உட்காருபவரும் வலது கதவில்தான் ஏறுகிறார். போன் ஹேண்ட்பேக்கில் இருந்தால் இந்த வித்தையே செல்லாது.

முன்சீட்டா பின்சீட்டா என்பதற்கு வேகத்தடை உதவும். முன்சக்கரம் ஏறும்போது ஒரு குலுக்கல், பின்சக்கரம் ஏறும்போது இன்னொன்று. மாருதி ஸ்விஃப்டில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 2.45 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு குலுக்கலுக்கும் இடைவெளி 0.44 வினாடி, வினாடிக்கு 100 முறை வாசிக்கும் சென்சாரில் 44 வாசிப்புகள் தள்ளி. பின்சீட் கிட்டத்தட்டப் பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் அங்குள்ள போனில் இரண்டாவது குலுக்கல் தூக்கலாகத் தெரியும். முன்சீட்டில் இரண்டும் ஏறத்தாழ சமமாகவோ, முதலாவது சற்று அதிகமாகவோ இருக்கும். ஆகப் பின்சீட்காரர்களைக் கழித்துவிடலாம். முன்னால் இருக்கும் இருவரில் யார் என்பது அப்படியே நிற்கிறது.

அதற்குத்தான் திருப்பக் கணக்கு. கார் வலப்பக்கம் திரும்பும்போது வலது சீட் சிறிய வட்டத்திலும் இடது சீட் பெரிய வட்டத்திலும் போகின்றன. வெளிவட்டத்தில் இருப்பவருக்கு மையநோக்கு முடுக்கம் கொஞ்சம் கூடுதல். எண்களைப் போட்டுப் பார்த்தால் இதன் கதி புரியும். 15 மீட்டர் ஆரத்தில், 20 கி.மீ. வேகத்தில் திருப்பம். பக்கவாட்டு முடுக்கம் சுமார் 2 மீ/வி². இரண்டு சீட்டுக்கும் நடுவே 70 செ.மீ. என்றால் வித்தியாசம் 0.1 மீ/வி² மட்டுமே. போன் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்ற கணிப்பில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், புவியீர்ப்பின் ஒரு துண்டு பக்கவாட்டில் கலந்து 0.17 மீ/வி² பிழையைக் கொண்டுவரும். தேடும் பொருளைவிடத் தூசு பெரியது.

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு போன் தனியாக எதையும் ஒப்பிட முடியாது. அதன் ஜிபிஎஸ் அளக்கும் வேகமும் அந்த சீட்டின் வேகம்தான், காரின் நடுப்புள்ளியின் வேகம் அல்ல. திருப்பத்தின் முடுக்கத்தைக் கணக்கிட வேகத்தைச் சுழற்சியால் பெருக்கினால் எந்த சீட்டிலும் அந்த சீட்டின் முடுக்கமே வரும். கணக்கு எங்கும் சரியாகவே இருக்கும், பக்கம் மட்டும் தெரியாது. ஒப்பிட இன்னொரு புள்ளி வேண்டும். 2013இல் இந்த வழியை முன்வைத்தவர்கள் அதனால்தான் காரில் பொருத்திய கருவி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே காரில் ஒரே செயலியோடு இரண்டு போன்கள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று துணையாகலாம்.

சந்தையில் செல்லுபடியாகும் தடயங்கள்

வெளியில் ஓடும் செயலிகள் இவ்வளவு நுட்பமான இயற்பியலைவிட, பழக்கத்தையே அதிகம் நம்புகின்றன. நிறுவனங்கள் தங்கள் மாடலைத் திறந்து காட்டுவதில்லை என்றாலும், உள்ளே போகும் தடயங்கள் எவை என்பதில் பெரிய ரகசியம் இல்லை.

முதலாவது ப்ளூடூத். போன் தினமும் எந்தக் காரின் ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு இணைகிறதோ அது உங்கள் கார். அதில் நீங்கள் ஓட்டுநராக இருக்க வாய்ப்பு அதிகம். சில நிறுவனங்கள் முன்கண்ணாடியில் ஒட்டும் சிறு டேக் ஒன்றும் தருகின்றன. தீப்பெட்டி அளவில், சொந்த பேட்டரியும் ஆக்சிலரோமீட்டரும் கொண்டது; போன் அருகில் வந்ததும் ப்ளூடூத்தில் பேசும். 'இந்தப் பயணம் பாலிசி எடுத்த காரில்தான் நடந்தது' என்பதை அது உறுதிசெய்யும். பஸ்ஸும் ஓலாவும் ரயிலும் ஒரே அடியில் கழிந்துவிடும். ஆனால் டேக் இருக்கும் காரிலும் சீட் கேள்வி தீரவில்லை.

இரண்டாவது போனைக் கையாளும் விதம். ஓட்டுபவர் சிக்னலில் எடுத்துப் பார்த்துக் கீழே வைப்பார். பயணி அரைமணி நேரம் விடாமல் ரீல்ஸ் தள்ளுவார். 60 கி.மீ. வேகத்தில் நீண்ட நேரம் இரு கையால் டைப் செய்யும் ஒருவர் பயணியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புவது நியாயம். எல்லாரும் அப்படி இல்லை என்பதுதான் சோகம். இங்கே மாடல் ஒரு விபரீதத்தில் மாட்டுகிறது: மிக மோசமாகப் போனைப் பயன்படுத்தும் ஓட்டுநர், பயணி என்று தப்பிக்கலாம், கொஞ்சமாகப் பயன்படுத்தியவர் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது பழைய வரலாறு. வீட்டிலிருந்து ஆபீஸ் போகும் அதே வழி, அதே நேரம், அதே பார்க்கிங். அதில் நீங்கள் ஓட்டுநர் என்று முன்பே திருத்திச் சொல்லியிருந்தால் அடுத்த முறை மாடல் அதையே எடுத்துக்கொள்ளும். ரயில் பாதையின் மேலேயே நகரும் புள்ளிகள், பஸ் ஸ்டாப் தோறும் நிற்கும் பயணம் ஆகியவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடுகிறார்கள்.

கடைசியாக, கேட்டுவிடுவது. 2017இல் ஐஓஎஸ் 11இல் ஆப்பிள் கொண்டுவந்த 'ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே' வசதியில், 'நான் ஓட்டவில்லை' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். கார் ஓடுகிறது என்பதை மட்டும் போன் கண்டுபிடிக்கும். யார் ஓட்டுவது என்பதை மனிதர் சொல்லிவிட வேண்டும். சிலர் இதைத் தோல்வி என்பார்கள். இருப்பதிலேயே நேர்மையான வடிவமைப்பு இதுதான் என்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. ஆனால் அங்கே பொய் சொன்னால் நிறுவனத்துக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லை. இன்சூரன்ஸில் உண்டு. மோசமான பயணங்களை மட்டும் தேடிப்பிடித்து 'பயணி' என்று மாற்றுபவர்கள் இருப்பார்கள் என்பதால், யார் எவ்வளவு மாற்றுகிறார்கள், எந்தப் பயணங்களை மாற்றுகிறார்கள் என்பதையும் செயலி கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆக்டிங் டிரைவரும் டூவீலரும்

தமிழ்நாட்டில் இந்தத் தடயங்கள் வேறு மாதிரி இடறும். திருப்பதிக்கோ கல்யாணத்துக்கோ போக ஆக்டிங் டிரைவர் வைக்கும் வழக்கம் நமக்குண்டு. கார் உங்களுடையது. ப்ளூடூத்தில் இணைந்திருப்பது உங்கள் போன். பாட்டு அதிலிருந்துதான் ஓடுகிறது. டேக் இருந்தால் அதுவும் ஆமாம் என்று தலையாட்டும். நீங்கள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாடலின் மிக வலுவான இரண்டு தடயங்களும் சேர்ந்து பொய் சாட்சி சொல்கின்றன. சம்பள டிரைவர் வைத்திருக்கும் குடும்பங்களில் இது தினசரிக் கதை.

டூவீலரில் இயற்பியலே மாறிவிடுகிறது. கார் திரும்பும்போது போன் பக்கவாட்டு விசையை உணரும். பைக் வளைவில் சாய்கிறது. ஈர்ப்பும் திருப்பமும் சேர்ந்த மொத்த விசை வண்டியின் அச்சிலேயே விழும் அளவுக்குச் சாய்கிறது. நாம் மேலே பார்த்த அதே 15 மீட்டர், 20 கி.மீ. திருப்பத்தில் சாய்வு ஏறத்தாழ 12 டிகிரி. ஆக்சிலரோமீட்டருக்குப் பக்கவாட்டில் ஏதும் நடந்ததாகவே தெரியாது, ஜைரோஸ்கோப்தான் காட்டிக்கொடுக்கும். காருக்காகப் பழக்கிய மாடல், பைக்கில் வேகமாக வளைந்தவரையும் சாதுவான ஓட்டுநராகக் காட்டக்கூடும். வேறொரு பக்கம், அந்தச் சாய்வுதான் 'இது பைக்' என்பதற்கு நல்ல அடையாளமும்கூட. முன்னால் உட்கார்ந்திருப்பவரா, பின்னால் உட்கார்ந்திருப்பவரா? இருவரும் ஒரே நடுக்கோட்டில் இருப்பதால் இடவல வித்தைகள் எதற்கும் அங்கே வேலை இல்லை.

இந்தியாவில் இதற்கான கதவு 2022 ஜூலையில் திறந்தது. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பவும், ஓட்டும் விதத்துக்கு ஏற்பவும் பிரீமியம் நிர்ணயிக்கும் கூடுதல் வசதிகளைச் சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீட்டில் தர, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. தூரத்தை மட்டும் பார்க்கும் திட்டத்துக்கு ஓடோமீட்டர் போட்டோவே போதும். ஓட்டுநர் யார் என்ற தலைவலி அங்கே இல்லை. வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கு அதுவே பொருத்தம். ஓட்டும் விதத்தைப் பார்க்கும் திட்டம் என்றால், பயணத்தை 'நான் ஓட்டவில்லை' என்று மாற்ற வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும், மாற்றினால் மதிப்பெண் மறுபடி கணக்கிடப்படுமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு, வாரம் ஒருமுறை பயணப் பட்டியலைத் திறந்து பஸ், கால் டாக்சி, பின்சீட் பயணங்களைத் திருத்துவது நல்லது. முதல் மாதத்தில் செய்யும் திருத்தங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். உங்கள் பழக்கத்தை மாடல் கற்றுக்கொள்வது அப்போதுதான். ஆக்டிங் டிரைவர் ஓட்டும் நாளில் போன் ப்ளூடூத்தைத் துண்டித்துவிட்டு அவர் போனிலிருந்து பாட்டுப் போடச் சொன்னால், ஒரு பொய் சாட்சியாவது குறையும்.

கேட்காமலே எண்ணப்படும் பயணங்கள்

இதுவரை சொன்னது, தெரிந்தே போட்டுக்கொண்ட செயலியைப் பற்றி. அமெரிக்காவில் சண்டை நடப்பது வேறு விஷயத்துக்கு. ஆல்ஸ்டேட் இன்சூரன்ஸ் குழுமத்தின் துணை நிறுவனம் ஆரிட்டி. 2025 ஜனவரியில் டெக்சாஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் இந்த இரண்டின் மேலும் வழக்குத் தொடுத்தார். குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் லைஃப்360, பெட்ரோல் விலை காட்டும் கேஸ்பட்டி போன்ற செயலிகளுக்குள் ஆரிட்டியின் மென்பொருள் துணுக்கு ஒளிந்திருந்தது, அதன்மூலம் 4.5 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் ஓட்டுநர் தரவு சேர்க்கப்பட்டது, அது மற்ற இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் விற்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அந்த மனுவில் நம் விஷயத்துக்கு நேராக வரும் ஒரு பத்தி உண்டு: பஸ்ஸிலோ டாக்சியிலோ நண்பர் காரிலோ பயணியாகப் போனவரின் போனில் அந்த வண்டியின் வேகமும் பிரேக்கும் பதிவாகி, அவரே மோசமாக ஓட்டியதாக எண்ணப்படும் என்பது. பாலிசிக்காகச் செயலி போட்டவர் பயணப் பட்டியலைப் பார்த்துத் திருத்தலாம். பெட்ரோல் விலை பார்க்கப் போட்டவருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

கார்களே இதைச் செய்வதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் வசதி வழியாகச் சேர்த்த ஓட்டுநர் தரவு, லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற தரவு நிறுவனங்கள் வழியாக இன்சூரன்ஸ் நிறுவனங்களைப் போய்ச்சேர்ந்தது 2024இல் வெளியே வந்தது; அதே ஆண்டு மார்ச்சில் நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. அங்கே மறுபடியும் பழைய டாங்கிள் கதைதான்: காரைத் தெரியும், ஆளைத் தெரியாது.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தவறான தரவைத் திருத்தக் கேட்கவும் உரிமை தரும் விதிகளைக் கொண்டது. அதற்கு முதலில் தரவு எடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டுமே. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அனுமதிகளின் பட்டியலுக்குப் போய் 'உடல் செயல்பாடு' என்பதைத் தட்டினால், நீங்கள் வண்டியில் போகிறீர்களா நடக்கிறீர்களா என்று கேட்டு வாங்கும் செயலிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஆண்ட்ராய்டு 10இலிருந்து இந்த அனுமதி தனியாகக் கேட்கப்படுகிறது. ஐபோனில் பிரைவசி பகுதியில் 'மோஷன் & ஃபிட்னஸ்' என்ற பெயரில் இருக்கும். அதோடு, இருப்பிடத்தை 'எப்போதும்' என்று வைத்திருக்கும் செயலிகளையும் பார்க்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் ஒருசேர இருக்கும் பெயர்கள்தான் கவனிக்க வேண்டியவை. அடி எண்ணும் செயலிக்கு முதல் அனுமதி நியாயம், மேப்புக்கு இரண்டாவது நியாயம். கூப்பன் தரும் செயலிக்கும் பெட்ரோல் விலை காட்டும் செயலிக்கும் இரண்டுமே தேவையில்லை. மறுத்துவிட்டாலும் அவை விலையைக் காட்டத்தான் செய்யும்.